பாதி வளவு 28 லட்சத்துக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் சென்னை அம்பத்தூரில் இருக்கிறோம். அவருக்கு 61, எனக்கு 57. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான். எங்கள் ஃபிளாட்டை 62 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். அதை விற்றுவிட்டு, காரைக்குடியிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கும் ஓர் ஊரில், நடுவில் முற்றம் வைத்த பழைய செட்டிநாட்டு வளவு வீட்டின் பாதிப் பங்கை வாங்கிக் குடிபோகலாம் என்று ஆசை. 28 லட்சம் சொல்கிறார்கள். "இந்தப் பக்கம் வீட்டு விலை படுத்துக் கிடக்கிறது, இப்போது பிடித்தால்தான் உண்டு, மீதிப் பாதியும் பின்னாலேயே வந்துவிடும்" என்கிறார் தரகர். இல்லாவிட்டால் காரைக்குடிக்கு வெளியே 1,200 சதுர அடி மனை ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். எங்களுக்கு அங்கே உறவு யாரும் கிடையாது. கணவர் அழகப்பா கல்லூரியில் படித்தவர், அந்த ஊர்மேல் பிரியம். என்ன செய்யலாம்?
ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: அம்மா, ஊர் மாறுவது நல்ல யோசனைதான். ஆனால் இந்தப் பாதிப் பங்கை வாங்காதீர்கள், அம்பத்தூர் ஃபிளாட்டையும் இப்போதைக்கு விற்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

தரகர் சொன்ன "படுத்துக் கிடக்கிறது" என்ற வார்த்தையிலிருந்தே தொடங்கலாம். சந்தை படுப்பதில் இரண்டு விதம் உண்டு. விலை இறங்கி, இறங்கிய விலையில் வியாபாரம் நடப்பது ஒன்று. சொல்லுகிற விலை இறங்காமல் வியாபாரம் மட்டும் நின்றுபோவது இன்னொன்று. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் கதை இரண்டாவது. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல்தாண்டிச் சம்பாதித்த பணத்தில் எழுந்த வீடுகள் இவை. 1930-களின் பொருளாதார மந்தத்திலும், 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தபோதும் அந்த வரத்து அறுந்தது. குடும்பங்கள் சென்னைக்கும் கோவைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டன. கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடு ஆகிவிட்டது. பூட்டிக் கிடந்தாலும் வயிற்றுப்பாட்டுக்கு விற்க வேண்டிய அவசியம் பங்காளிகளில் பலருக்கு இல்லை. அதனால் விலையைக் குறைப்பதில்லை. வாங்க வருகிறவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்: ஹோட்டல் நடத்த நினைப்பவர், மரத்துக்கும் தூணுக்கும் விலைபேச வருபவர், உங்களைப்போல் ஆசைப்பட்டு வருபவர். நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் எதிரே நிற்கப்போவது இதே மூன்று பேர்தான்.

இதைத் தரகர் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பதிவுத் துறையின் இணையதளத்தில், சொத்துமேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். நீங்கள் பார்த்த வீட்டின் சர்வே எண்ணுக்கு மட்டும் போடாமல், அதே தெருவில் இருபுறமும் உள்ள நாலைந்து எண்களுக்கும் பத்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை கிரயம் நடந்திருக்கிறது, எத்தனை வெறும் விடுதலைப் பத்திரமும் (பங்கை விட்டுக்கொடுப்பது) செட்டில்மென்ட்டும் என்று எண்ணுங்கள். குடும்பத்துக்குள் கைமாறியவை சந்தைக் கணக்கில் சேராது. பத்து வருடத்தில் வெளியாளுக்கு ஒரு கிரயம்கூட இல்லை என்றால், அந்தத் தெருவில் சந்தை விலை என்று ஒன்று இல்லை. 28 லட்சம் என்பது ஒருவர் சொன்ன எண், அவ்வளவுதான்.

இனி பாதிப் பங்குக்கு வருவோம். இந்த வீடுகள் வழக்கமான அர்த்தத்தில் பாதியாகப் பிரிபடுவதில்லை. முகப்பு, பட்டாலை என்ற கூடம், நடுவில் வளவு, அதைச் சுற்றிப் புள்ளிக்கு (திருமணமான ஒரு ஜோடிக்கு) ஓர் அறை, பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி. அறைதான் ஆளுக்கு ஒன்று, மற்றதெல்லாம் பொது. "இடப்பக்கம் எங்களுக்கு, வலப்பக்கம் அவர்களுக்கு" என்பது பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே மூன்று தலைமுறை ஓடியிருக்கும். அந்தக் குடும்பத்துக்குள் அது போதும். வெளியாள் உள்ளே வந்தால் சட்டம் வேறுமாதிரி பேசும்.

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 44: பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமையை அந்தக் கிரயம் அவருக்குத் தராது. அதாவது பணம் கொடுத்துப் பத்திரம் வாங்கிய பிறகும் நீங்கள் பெட்டி படுக்கையோடு உள்ளே போவதை மற்றப் பாதிக்காரர் தடுக்கலாம். சரி, பாகம் பிரித்துக் கொடுங்கள் என்று நீங்கள் வழக்குப் போட்டால், பாகப்பிரிவினைச் சட்டம் 1893, பிரிவு 4 வந்து நிற்கும்: குடும்பத்தில் ஒருவர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்கைத் தாமே எடுத்துக்கொள்கிறேன் என்றால், உங்களுக்கு அந்தப் பணம்தான் கிடைக்கும், வீடு கிடைக்காது. இதற்கும் முன்பாக, இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 22-ன்படி, கூட்டாக வாரிசுரிமையில் வந்த பங்கை ஒருவர் விற்க நினைத்தால், வாங்கும் முன்னுரிமை உடன்வாரிசுகளுக்கு உண்டு. ஆக, "மீதிப் பாதி பின்னாலேயே வரும்" என்ற பேச்சு தலைகீழ். காத்திருக்க அவர்களால் முடியும். வீட்டை விற்றுப் பணத்தை முடக்கிவிட்ட உங்களால் முடியாது. வங்கியும் பிரிபடாத பங்குக்குக் கடன் தராது.

கட்டடமாகப் பார்த்தாலும் பாதி என்பது சரிவராது. வளவின் நான்கு பக்க ஓட்டுக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து மூலைகளில் சேரும் இடத்தைக் கூடல்வாய் என்பார்கள். இரண்டு சரிவின் மழைநீரும் அங்கே ஒன்றுகூடி முற்றத்தில் இறங்கும். வீடு ஒழுக ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான். உங்கள் பாதிக்கு ஓடு முழுக்க மாற்றி வேய்ந்தாலும், எதிர்ப் பாதியின் கூடல்வாய் தகடு ஓட்டையாக இருந்தால் நனைவது இருவருக்கும் பொதுவான மூலை உத்தரம். அவர்கள் துபாயில் இருப்பார்கள், உத்தரம் இற்றுக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்கும் மேல் அதே வீடுதான் வேண்டும் என்றால் வழி இரண்டுதான்: எல்லாப் பங்குதாரரும் ஒரே கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, முழு வீடாக வாங்குவது. அல்லது அவர்களே முதலில் தங்களுக்குள் அளவும் எல்லையும் காட்டிப் பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, தனி வாசல், தனி மின் இணைப்பு, நடுச்சுவர் எல்லாம் வந்த பிறகு வாங்குவது. வளவு வீட்டில் இரண்டாவது நடப்பது அபூர்வம், நடந்தால் வீட்டின் அழகு போய்விடும்.

முழு வீடு என்றால் எத்தனை கையெழுத்து? கட்டியவருக்கு இரண்டு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் மூன்று, அவர்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று என்று வைத்தாலே மூன்றாம் தலைமுறையில் 18 பேர். இதில் பெண்மக்களை விட்டுவிட்டு வம்சாவளி எழுதித் தருவதுதான் இந்தப் பக்கத்துப் பத்திரங்களில் அடிக்கடி காணும் ஓட்டை. 25.3.1989-ல் திருமணமாகாமல் இருந்த பெண்களுக்குத் தமிழ்நாட்டில் மூதாதையர் சொத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமான பங்கு வந்தது. 9.9.2005 மத்தியத் திருத்தம் அதை எல்லாப் பெண்மக்களுக்கும் விரித்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 20.12.2004-க்கு முன் பதிவாகிவிட்ட, அல்லது நீதிமன்றத் தீர்ப்பால் முடிந்த பாகப்பிரிவினைக்கு விலக்கு உண்டு. "அக்காமார்களுக்குச் சீர் செய்தாயிற்று, அவர்கள் கேட்க மாட்டார்கள்" என்பது சட்டத்தில் நிற்காது. ஒவ்வொருவரும் கிரயத்தில் சேர வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் தர வேண்டும்.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பிள்ளை கூட்டியது உண்டா? சுவீகாரம் வந்தவருக்கு வந்த வீட்டில் பங்கு உண்டு. சுவீகாரம் போனவருக்குப் பிறந்த வீட்டில், போவதற்கு முன்பே அவர் பேரில் சேர்ந்துவிட்டதைத் தவிர, உரிமை இல்லை. சுவீகாரப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி, தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பினால், அங்கே முறைப்படி சான்றொப்பம் ஆகி, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் முடிந்தது, அதனால் கிரயத்தன்று அவர் உயிரோடிருப்பதற்கான சான்று கேளுங்கள். வெளிநாட்டுவாசியான விற்பனையாளருக்கு நாம் வழக்கமாகப் பிடிக்கிற 1 சதவீத வரிப்பிடித்தம் பொருந்தாது. பிடிக்க வேண்டிய தொகை மிக அதிகம், பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்கியவர் தலையில். ஆடிட்டர் இல்லாமல் அந்தப் பணத்தைக் கைமாற்ற வேண்டாம்.

ஊருக்குள் இருக்கும் வீட்டுமனைகள் பல, குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நத்தம் நிலம். நத்தம் பட்டாவில் இருக்கிற பெயரும் பத்திரத்தில் இருக்கிற பெயரும் ஒன்றா, அளவு ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளமான மனைகளில், பின்கட்டு மட்டும் வேறொருவர் பட்டாவில் ஏறியிருப்பது உண்டு. அந்த வீடு பங்காளிகளுக்குப் படைப்பு வீடா என்றும் விசாரியுங்கள். ஆமென்றால், சாமி அறையையும் படைப்பையும் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று எழுத்தில் வாங்காமல் போகாதீர்கள். இது பத்திரத்தில் வராத விஷயம், ஆனால் வருடா வருடம் வாசலில் வந்து நிற்கும்.

செத்த சந்தையில் மட்டும் வருகிற ஒரு சிக்கல், பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. பேசிய விலை 28 லட்சம், அரசின் கணக்கில் மனையும் கட்டடமும் சேர்த்து 36 லட்சம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் 36-க்குத்தான்: 3.24 லட்சம். அத்தோடு முடியாது. பேசிய விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால், அந்த 8 லட்சம் முழுவதும் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரும். குறைந்த விலைக்கு வாங்கியதற்கே வரி! முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் மதிப்பை எதிர்த்து முறையிடலாம், வருமான வரியிலும் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பக் கேட்கலாம். மாதக்கணக்கில் இழுக்கும். வழிகாட்டி மதிப்பை முதலில் பார்த்துவிட்டு விலைபேசுவது சுலபம்.

வீட்டைப் பார்க்கப் போவதாக இருந்தால் ஐப்பசி கார்த்திகையில், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். பங்குனியில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். உடன் ஓர் ஆசாரியையும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் கூட்டிப்போங்கள். சிமென்ட் மட்டும் தெரிந்தவர் வேண்டாம். மாடி உள்ள பகுதியில் மரச்சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் இற்றுப்போகும். வெளியே தேக்கு பளபளவென்றிருக்கும், சுவர் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அப்படியே உள்ளே இறங்கும். சுவரடியில் விரல் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால் கறையான். முற்றத்தில் பத்துக் குடம் தண்ணீரைக் கொட்டச் சொல்லுங்கள். அது தரைக்கடியில் உள்ள கல் வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து சேர வேண்டும். முற்றத்திலேயே நின்றாலோ, போன இடம் தெரியாமல் மறைந்தாலோ, அடைபட்ட வடிகால் வருடக்கணக்கில் அடித்தளத்தை நனைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சுவரில் இடுப்பளவு சிமென்ட் பூசியிருந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புச் சுவர் உள்ளே இழுத்த ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேற்கோட்டில் உப்புப் பூத்து உதிரும். அதைக் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றி இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு என்ற கலவையில், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூச வேண்டும். ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு அல்ல, சிமென்ட்டும் வண்ணமும் கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்தியது. ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தால் பூ வெளிறிப்போயிருக்கும், திரும்ப வராது.

கூரைச் செலவை வீட்டின் தரைப்பரப்பை வைத்துப் போடாதீர்கள். 30 டிகிரி சரிவு என்றால் கூரைப்பரப்பு தரையைவிட ஏறக்குறைய 15 சதவீதம் அதிகம். மங்களூர் ஓடு என்றால் 100 சதுர அடிக்கு 140 ஓடு பிடிக்கும், உடைசலுக்குத் தனி. நாட்டு ஓடு அடுக்கடுக்காக வேய்வது, அதற்கு ஆள்கூலிதான் பெரிது. வேலையின் வரிசை கூரை, வடிகால், மரம், மின்சாரம், பூச்சு. பலர் முகப்புக்குப் பெயின்ட் அடிப்பதில் தொடங்கிப் பணத்தைத் தீர்த்துவிட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் போடுகிறார்கள். மின்சாரத்தில், பழைய மரப்பட்டை வயரிங் இருந்தால் முழுக்கக் கழற்றிவிட்டுப் புது எர்த்தும் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டே ஆக வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். தூண், கதவு, நிலைக்கண்ணாடி எல்லாம் இருக்கும்போது வீட்டைக் காட்டுவார்கள். கிரயம் ஆகிச் சாவி வாங்கப் போகும்போது, அவற்றில் பாதி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போயிருக்கலாம். எத்தனை தூண், எத்தனை கதவு, என்னென்ன கண்ணாடி என்று எண்ணிக்கையோடு சொத்து விவரத்தில் எழுதுங்கள், புகைப்படத்தையும் இணையுங்கள்.

யுனெஸ்கோ பட்டியலைத் தரகர் நிச்சயம் சொல்வார். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. அது மானியமும் அல்ல, விலை ஏறும் என்ற உறுதியும் அல்ல. ஹோம்ஸ்டே வருமானத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கானாடுகாத்தானில் ஓடுகிறது என்பதற்காக, சாப்பாடு, ஆள், கழிவறை வசதி எல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டிய உங்கள் வீட்டிலும் ஓடிவிடாது.

மனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, கோயில் நிலம் அல்ல என்ற உறுதி, மூன்றும் இருந்தால் வாங்கலாம். 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனதை வைத்து ஏற்றிச் சொல்வார்கள். பக்கத்து மனைகளில் எத்தனை வீடு எழும்பியிருக்கிறது என்று பாருங்கள். கல் மட்டும் நட்டுப் பத்து வருடமாகக் கருவேலம் முளைத்திருந்தால் அதுவும் பழைய வீடு மாதிரிதான், விற்பது கடினம். ஃபிளாட் விற்ற லாபத்துக்கு வரிச்சலுகை வேண்டுமானால் மனை வாங்கினால் மட்டும் போதாது, மூன்று வருடத்துக்குள் அதில் வீடு கட்டி முடிக்க வேண்டும்.

ஊர் மாறுவதில் இருக்கும் நன்மைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அகலமான நேர்த்தெருக்கள், அம்பத்தூர் வாடகையில் பாதிக்கும் கீழே கிடைக்கும் தனி வீடு, வாசலிலேயே காய்கறி, காலையில் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூர். ஆனால் உங்கள் கணவருக்கு ஸ்டென்ட் இருக்கிறது. மதுரையும் திருச்சியும் சுமார் 90 கிலோமீட்டர். பார்த்து வைக்கும் வீட்டிலிருந்து, அவருடைய இதயநோய் மருத்துவர் ஒப்புக்கொள்ளும் மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை காரில் போய்ப் பாருங்கள். கிராமத்துக்குள் வீடா, காரைக்குடிக்குள் செக்காலை, சுப்பிரமணியபுரம் பக்கம் வீடா என்பதை அந்த நிமிடக் கணக்கு முடிவு செய்துவிடும்.

ஆகவே ஃபிளாட்டை வாடகைக்கு விடுங்கள். காரைக்குடியில் 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு வீடு பிடியுங்கள். அந்த 11 மாதத்தில் ஒரு கத்திரி வெயிலும் ஓர் ஐப்பசி மழையும் அடங்கும்படி சித்திரைக்கு முன் குடிபோங்கள். பிடித்துப்போனால், மூன்று கட்டு வீட்டைத் தேடாமல், ஒரே கைக்கு வந்து சேர்ந்த ஒரு கட்டுச் சிறு வீடு ஏதாவது ஊருக்குள் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டைப் பெருக்கித் துடைக்க மூன்றாவது ஆள் தேவைப்படக் கூடாது. எதை வாங்கினாலும், பழுதுவேலையும் சேர்த்து மொத்த இருப்பில் பாதியைத் தாண்டாதீர்கள். இங்கே போட்ட பணம் அவசரத்துக்குத் திரும்ப வராது.

தரகர் டோக்கன் கேட்டு நச்சரிப்பார். முதலில் வம்சாவளியும் வாரிசுச் சான்றும் தாய்ப்பத்திர நகலும் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். முன்பணம் கொடுப்பதாக இருந்தால் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே கொடுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். ஒரு பங்குதாரர் கையெழுத்து வராவிட்டாலும் முழு முன்பணமும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும்.